நாற்காலி அம்மாவுக்கு, கையெழுத்து யாருக்கு?

ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருக்கிறது பாகலூர். பெங்களூருக்கு வடக்கேயும் ஒரு பாகலூர் உண்டு. நான் சொல்வது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த நம் பாகலூர். கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும்!

அதற்கும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன கிராமத்துக்கு, சிநேகிதி வீட்டு நிச்சயதார்த்தத்துக்காகப் போயிருந்தேன். காலையில் கொல்லைப்புறம் போனால், பக்கத்து வீட்டு அம்மாள் துவைகல்லில் துணி துவைத்துக் கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். இழுத்துச் செருகிய புடவை, முழங்கை வரை சோப்பு நுரை.

“இவங்க எங்க வார்டு மெம்பரா இருந்தவங்க” என்று சிநேகிதி அறிமுகப்படுத்தினாள்.

அந்த அம்மாள் சிரித்தார். “மெம்பரு நான் எங்கக்கா? எங்க ஊட்டுக்காரருதான் மெம்பரு. மொத ரெண்டு வருசம் நான் வெறும் கையெழுத்து. தீர்மானப் புஸ்தகத்த ஊட்டுக்கே கொண்டாருவாங்க. சோத்துக் கையத் துடைச்சுக்கிட்டு ஒரு கையெழுத்து போட்டுட்டு, மறுபடி அடுப்பாண்ட போயிடுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு நாளு நானே போனேன். அது பெரிய கதை. அது இருக்கட்டும், ஓசூர்ல மேயர்னு சொல்றாங்களே, அவரு யாருக்கா? சேர்மனைவிடப் பெரியவரா? நாளைக்கு எங்க ஊரும் ஓசூரோட சேர்ந்துட்டா எங்களுக்கும் அவருதான் மேயரா?”

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தினமும் பேப்பரில் படிக்கிறோம், போஸ்டரில் பார்க்கிறோம். மேயர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் விழிக்கிறோம். உங்களில் பலருக்கும் அப்படித்தானே? வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். அந்த அம்மாளின் கதையையும் கடைசியில் சொல்லி விடுகிறேன்.

ஓசூருக்கு மேயர் வந்த கதை

ஒரு காலத்தில் ஓசூர் என்றால் குளுகுளு காற்று, காய்கறி, ரோஜாப்பூ, அவ்வளவுதான். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொழிற்சாலைகள் ஒன்றன் பின் ஒன்றாக முளைத்தன. வேலை தேடி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். இன்றைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி, ஷிப்டுக்குப் போகும் இளம் பெண்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

1992-ல் ஓசூர் நகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் ஜனத்தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம். 2019-ல் நாகர்கோவிலோடு சேர்த்து ஓசூரையும் மாநகராட்சி ஆக்கினார்கள். மாநகராட்சி ஆனதும் சேர்மன் போய் மேயர் வந்து விட்டார். 45 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மார்ச்சில் எஸ்.ஏ.சத்யா ஓசூரின் முதல் மேயரானார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே சத்யாதான் 2019 இடைத்தேர்தலில் ஜெயித்து ஓசூர் எம்.எல்.ஏ. ஆக இருந்தவர். சட்டசபையில் உட்கார்ந்து விட்டு வந்தவர் எதற்காகக் குப்பை, சாக்கடை, குழாய்த் தண்ணீர் என்று மறுபடி உள்ளூருக்கு வர வேண்டும்? எம்.எல்.ஏ. பதவி பெரிதல்லவா என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் வாசலில் ஓடும் சாக்கடைக்கும் தெருமுனை விளக்குக்கும் சட்டசபையில் பதில் கிடைக்காது. அவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய இடம் மாமன்றம்தான்.

மேயர் கையில் என்ன இருக்கிறது?

மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் மேயர். மாதம் ஒரு முறையாவது மன்றம் கூட வேண்டும். வரவு செலவுத் திட்டம், சொத்து வரி, சாலை, குடிநீர், பாதாள சாக்கடை, குப்பை, மாநகராட்சிப் பள்ளி, சுகாதார மையம், மார்க்கெட், மயானம், இவையெல்லாம் அந்த மேஜைக்கு வரும். பிறப்புச் சான்றிதழிலிருந்து இறப்புச் சான்றிதழ் வரை நம் வாழ்க்கையே மாநகராட்சி ஆபீஸில் தொடங்கி அங்கேயே முடிகிறது என்றால் மிகையில்லை.

ஆனால் எல்லா அதிகாரமும் மேயரிடம் இல்லை. மன்றம் தீர்மானம் போடும். அதை நிறைவேற்றும் அதிகாரம் அரசு நியமிக்கும் கமிஷனரிடம் இருக்கிறது. ஆகவே கேட்டு, வற்புறுத்தி, விடாமல் தொடர்ந்து காரியத்தை முடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல மேயர். மாமியாரையும் பால்காரரையும் கேஸ் சிலிண்டர் ஆளையும் ஒரே காலையில் சமாளிக்கும் நமக்கு இது தெரியாத வித்தையா என்ன?

உள்ளூர் மன்றம் மனசு வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு என்றால் முதலமைச்சர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அதற்கும் முன்னால், 1920-லேயே, சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் இதை ஆரம்பித்து விட்டது. மாநகராட்சிக்கு அப்போது மேயர் என்ற பட்டம் இல்லை, தலைவர்தான். அந்த நாற்காலியில் இருந்தவர் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. இன்று நாடெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள் என்றால், அதற்கு முதல் அடுப்பை மூட்டியவர்களில் ஒரு நகர மன்றமும் உண்டு!

கேலிக்காகப் போட்ட பெயர்

பெண்கள் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்கள்? முதல் கதை அமெரிக்காவில் நடந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ஆர்கோனியா என்று ஒரு குட்டி ஊர். 1887-ல் அங்கே ஜனத்தொகை சுமார் 500. அந்த வருஷம்தான் கான்சாஸ் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்திருந்தது. மதுவிலக்குக்காகப் பாடுபட்ட மாதர் சங்கம் ஒன்று தேர்தலில் சுறுசுறுப்பாக இறங்கியது.

சில ஆண்களுக்கு அது பொறுக்கவில்லை. சுமார் இருபது பேர் கூடிப் பேசி, அந்தச் சங்கத்தைச் சேர்ந்த சுசன்னா சால்டர் என்ற 27 வயதுப் பெண்ணின் பெயரை, அவருக்கே தெரியாமல், மேயர் பதவிக்கு எழுதிப் போட்டு விட்டார்கள். இவளுக்குப் பத்து இருபது ஓட்டு விழும், மானம் போகும், அப்புறம் எந்தப் பெண்ணும் தேர்தல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

ஓட்டுப் பதிவு நாளன்றுதான் விஷயம் வெளியே வந்தது. சிலர் அவசரமாக அவர் வீட்டுக்குப் போய், “ஜெயித்தால் பதவி ஏற்பீர்களா?” என்று கேட்டார்கள். அப்போது அவர் என்ன செய்து கொண்டிருந்தார் தெரியுமா? வீட்டுத் துணி துவைத்துக் கொண்டிருந்தார்! ஏற்பேன் என்றார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி, அமெரிக்காவின் முதல் பெண் மேயரானார். நாடு முழுவதற்கும் பெண்களுக்கு ஓட்டுரிமை என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொன்னது 1920-ல்தான். அதற்கு 33 வருஷம் முன்பே இவர் நாற்காலியில் உட்கார்ந்து விட்டார்.

ஒரே ஒரு வருஷம் பதவி. சம்பளம் ஒரு டாலர்! அந்த வருஷத்திலேயே அவருக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தும் போனது. துக்கத்தோடேயே மன்றக் கூட்டங்களையும் நடத்தி முடித்தார். மறுபடி நிற்கவில்லை. 101 வயது வரை வாழ்ந்து 1961-ல் காலமானார். (நம் தமிழ்நாட்டில் 2023 ஜூலையிலிருந்து மேயருக்கு மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம். ஒரு டாலரை விடப் பரவாயில்லை!)

சென்னையின் மூன்று பெண்கள்

நம் பக்கம் வருவோம். 1957-ல் சென்னையின் மேயராக இருந்தவர் தாரா செரியன். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். சமூக சேவைக்காக 1967-ல் பத்மபூஷண் பெற்றவர். அவருடைய கணவர் டாக்டர் பி.வி.செரியனும் அதற்குச் சில வருஷங்கள் முன்பு சென்னை மேயராக இருந்தவர்தான். பின்னாளில் மகாராஷ்டிர கவர்னரும் ஆனார். கணவர் இருந்த காலத்தில் கணவர் மேயர், மனைவி இருந்த காலத்தில் மனைவி மேயர். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

1971-72-ல் காமாட்சி ஜெயராமன் மேயரானார். அதற்குப் பின், 1973-ல் சென்னை மாமன்றமே கலைக்கப்பட்டது. 23 வருஷம் தேர்தலே கிடையாது. 1992-ல் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வந்தது. நகர மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அது சொன்னது. 1996-ல் மறுபடி தேர்தல் நடந்தது. 2016-ல் தமிழ்நாடு அந்தப் பங்கைப் பாதியாக உயர்த்திச் சட்டம் போட்டது.

அதன் பலனை 2022-ல் பார்த்தோம். 21 மாநகராட்சிகளில் 11-ல் பெண்களே மேயர்கள்! சென்னைக்கு ஆர்.பிரியா. வடசென்னைப் பெண், வயது 28, எம்.காம். படித்தவர், முதல் தடவையாகக் கவுன்சிலர் ஆனவர். 1688-ல் தொடங்கிய அந்த மாநகராட்சிக்கு மூன்றாவது பெண் மேயர் அவர், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் பெண் மேயரும் அவரே. தாராவிலிருந்து காமாட்சிக்கு 14 வருஷம் ஆயிற்று, காமாட்சியிலிருந்து பிரியாவுக்கு 50 வருஷம் ஆயிற்று. சட்டம் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷமோ?

இந்த நாற்காலிக்காக உயிரையே கொடுத்த ஒரு தமிழ்ப் பெண்ணையும் நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். கணவர் யோகேஸ்வரன் 1989-ல் அமிர்தலிங்கத்தோடு கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒன்பது வருஷம் கழித்து, யுத்தத்தின் நடுவில், 1998 ஜனவரியில் நடந்த தேர்தலில் நின்று சரோஜினி மேயரானார். அதே வருஷம் மே 17-ம் தேதி, தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இடிந்து கிடந்த ஊருக்குக் குழாயும் தெருவும் பார்க்க வந்த அம்மாள். நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்து போயிற்று.

நாற்காலியில் யார்?

இத்தனை பேர் கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பல ஊர்களில் மனைவி பெயரில் தேர்தல் நோட்டீஸ் அடிப்பார்கள். அதில் கணவர் படம் பெரிதாக, மனைவி படம் தபால்தலை அளவில்! ஜெயித்த பின் ஆபீஸில் அவர் உட்காருவார், இவர் வீட்டில் சமைப்பார். வடநாட்டில் இப்படிப்பட்ட கணவருக்கு ‘சர்பஞ்ச் பதி’ என்று பட்டப் பெயரே உண்டு. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், இதை ஆராய மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவையே அமைத்தது.

“ஊட்டுக்காரரு நல்லவருதான்னா அவரே பார்த்துட்டுப் போகட்டுமே, என்ன தப்பு?” என்று நான் அந்த அம்மாளைக் கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டபடி அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

“அவரு நல்லவருதான்க்கா. குடி கிடையாது, காசு ஆசை கிடையாது. ஆனா அவரு தண்ணி புடிச்சதில்லையே!”

கதை இதுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. இவர்கள் ஊருக்கும் அந்தக் காவிரித் தண்ணீர் வந்தது. ஆனால் மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை. அங்கே போர் தண்ணீரையே குழாயில் விட்டார்கள்.

“கூட்டத்துல, எல்லாத் தெருவுக்கும் கொழா இருக்குது, தண்ணி வருதுன்னு எழுதிட்டாங்க. இவரும் தலையாட்டிட்டு வந்துட்டாரு. பொய் இல்லக்கா, தண்ணி வருதுதான். எந்தத் தண்ணி? அது குடத்த தூக்குறவளுக்குத்தானே தெரியும்? காவேரித் தண்ணியில பருப்பு சீக்கிரம் வேகும். போர் தண்ணியில அடுப்ப எரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். எங்க பொண்ணுக்குப் பல்லு முளைச்சு வந்தப்பவே மஞ்சக் கோடு. மேட்டுத் தெருவுல முக்காவாசிப் புள்ளைங்களுக்கு அப்படித்தான். நான் கையெழுத்து போட்ட புஸ்தகத்துல எங்க ஊரு தண்ணி நல்லாருக்குதுன்னு எழுதியிருந்தது. என் கையெழுத்துக்கா அது!”

அடுத்த கூட்டத்துக்கு அவரே போனார். இரண்டு பாட்டிலில் இரண்டு தெருத் தண்ணீரையும் கொண்டு போய் மேஜை மேல் வைத்தார். பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை, “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று கேட்டார்கள். ஏழெட்டு தடவை நடந்த பிறகு மேட்டுத் தெருவுக்குத் தனிக் குழாய் போடத் தீர்மானம் ஆயிற்று. பாதித் தெருவுக்குக் குழாய் வந்தது. மீதித் தெருவுக்கு வருவதற்குள், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து விட்டது.

“மொத ரெண்டு வருசத்த வீணாக்காம இருந்திருந்தா மிச்சமும் வந்திருக்கும். அத நெனைச்சா ராத்திரி தூக்கம் வர்றதில்ல” என்றார். அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

நீங்கள் செய்யக் கூடியவை

சகோதரிகளே, எல்லோரும் மேயராக முடியாது. ஆனால் எல்லோரும் கேள்வி கேட்கலாம்.

* கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாட்களையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

* நகரத்தில் இருப்பவர்களுக்கு ‘பகுதி சபை’ உண்டு. 2022-ல்தான் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கவுன்சிலரிடம், “நம்ம பகுதி சபை எப்போ?” என்று கேளுங்கள்.

* புகாரை வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதி, நாலு பேர் கையெழுத்தோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள்.

* குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-க்கு மேல் போகவே கூடாது. அதிகமானால் குழந்தைகளுக்குப் பல்லில் கறை விழும். பல வருஷம் குடித்தால் மூட்டும் எலும்பும் கெடும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சந்தேகம் இருந்தால் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

* உங்கள் வீட்டுப் பெண் பதவிக்கு வந்தால், கூட்டத்துக்குப் போகும் நாளில் வீட்டுச் சமையலை மற்றவர்கள் பார்த்துக் கொள்ளட்டும். அவளுக்கு நீங்கள் செய்யக் கூடிய பெரிய உதவி அதுதான்.

கிளம்பும்போது அந்த அம்மாளிடம் கேட்டேன், “மறுபடி தேர்தல் வந்தால் நிற்பீர்களா?”

“நிப்பேன்க்கா. மேட்டுத் தெரு பாதி பாக்கி இருக்குதே! எங்க ஊட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன். இந்தத் தடவ நோட்டீஸ்ல என் போட்டோ மட்டுந்தான்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. மறுநாளு காலைல குடத்த எடுத்துக்கிட்டுக் கொழாயாண்ட போனாரு” என்று சொல்லி விட்டு, வாளியைத் தூக்கிக் கொண்டு உள்ளே போனார்.